இளஞ்சிவப்பு விமானங்களின் கதை

கோர்ட் லைன் என்றொரு பிரிட்டிஷ் விமான நிறுவனம். முதலில் ஆட்டேர் என்ற பெயரில் ஓடியது, 1970-இல் பெயர் மாறியது. தலைமையகம் லண்டனுக்கு வடக்கே உள்ள லூட்டன் ஊர். சுற்றுலா நிறுவனம் மொத்த விமானத்தையும் வாடகைக்குப் பேசி, பயணம், ஓட்டல் எல்லாவற்றையும் ஒரே கட்டணமாக விற்கும். விமானம் ஸ்பெயின் கடற்கரைக்கு ஆட்களைக் கொண்டுபோய் இறக்கி, விடுமுறை முடிந்தவர்களை அப்படியே ஏற்றித் திரும்பும். தரையில் நின்றால் நஷ்டம், அதனால் ராத்திரியிலும் பறக்கும்.

விமானங்களுக்கு இளஞ்சிவப்பு, ஆரஞ்சு, ஊதா என்று மிட்டாய்க் கடை வண்ணங்கள். எனக்கு ரொம்பப் பிடித்தது சாப்பாட்டு ஏற்பாடுதான். முன்சீட்டின் முதுகில் இரண்டு சிறு அறைகள். ஒன்றில் போகும்போது சாப்பிட, இன்னொன்றில் திரும்பி வருபவர்களுக்கு. இரண்டாவதுக்குப் பூட்டு. அதையும் திறக்கக் கற்றுக்கொண்ட புண்ணியவான்கள் இருந்தார்கள்! திரும்பி வந்த பாவப்பட்டவர்களுக்குக் காலி அறைதான்.

1973-இல் டிரைஸ்டார் என்ற பெரிய விமானத்தை வாங்கினார்கள், 400 இருக்கை. கோடையில் நிரப்பலாம் சரி, குளிர்காலத்தில் யாரை ஏற்றுவது? பேராசை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அதே வருடம் எண்ணெய் நெருக்கடியும் வந்தது, எரிபொருள் விலை எகிறியது. போதாக்குறைக்கு, தள்ளாடிக்கொண்டிருந்த கிளார்க்சன்ஸ் என்ற சுற்றுலா நிறுவனத்தையும் தலையில் கட்டிக்கொண்டார்கள். தங்கள் இருக்கைகளை வாங்கும் பெரிய வாடிக்கையாளர் அவர்கள்தானே, விட முடியுமா?

1974 ஆகஸ்ட் நடுவில், கோடை சீசன் உச்சத்தில் இருக்கும்போதே, எல்லாம் நின்றுபோனது. பல்லாயிரம் பேர் வெளிநாட்டுக் கடற்கரைகளில் மாட்டிக்கொண்டார்கள். அடுத்த வருடமே பிரிட்டன் அரசு பயணிகளுக்காக இழப்பீட்டு நிதி ஒன்றைத் தொடங்கியது.