பணயக்கைதியாக ஒரு மதியம்

எங்கள் அலுவலகத்தில் போலீஸ் பாதுகாப்பு ஒத்திகை வைத்தார்கள். பணயக்கைதியாக உட்கார ஆறு பேர் வேண்டும் என்று சொன்னதும் எல்லோருக்கும் திடீரென்று வேலை வந்துவிட்டது, நானும் தபால் பிரிவு அக்காவும் இன்னும் நாலு பேரும் மாட்டிக்கொண்டோம்.

முதலில் துப்பாக்கிகளைக் காலி செய்தார்கள். ஒருவர் தோட்டாவைக் கழற்றிக் காட்ட, இன்னொருவர் விரலை விட்டுத் தடவிப் பார்த்தார், அதையே மறுபடியும் செய்தார்கள். அப்புறம் டி-ஷர்ட் போட்ட இரண்டு போலீஸ்காரர்கள், அதாவது தீவிரவாதிகள், எங்களை இரண்டாவது மாடி ரெக்கார்டு ரூமில் பூட்டினார்கள்.

அதற்குப் பிறகு ஒன்றரை மணி நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. வெளியேதான் எல்லாம் நடந்திருக்கிறது. ரோட்டை அடைத்தது, கூட்டத்தை விலக்கியது எல்லாம் லோக்கல் ஸ்டேஷன்காரர்கள். கமாண்டோக்கள் வாட்ச்மேன் தாத்தாவைப் பிடித்து உட்கார வைத்துக் கேள்வி கேட்டிருக்கிறார்கள்: கதவு உள்பக்கம் திறக்குமா வெளிப்பக்கமா, மெயின் சுவிட்ச் எங்கே? பாத்ரூம் ஜன்னல் சாத்தாது என்று அவர்தான் சொல்லியிருக்கிறார்.

வெடிச்சத்தம் கேட்டது, அவ்வளவுதான், அறை முழுக்கக் கறுப்புச் சட்டை. “படு! கையைக் காட்டு!” காப்பாற்ற வந்துவிட்டார்கள் என்ற சந்தோஷத்தில் நான் எழுந்து நின்றேன், அதுதான் தப்பு. அடுத்த நொடி முகம் தரையில், முதுகில் முழங்கால், கையைச் சேர்த்துக் கட்டிய பிளாஸ்டிக் பட்டை.

“இங்க இருபத்திரண்டு வருஷமா வேலை பாக்கறேன் சார்” என்றார் அக்கா.

“எங்களுக்கு அது தெரியாதும்மா.”

கோபம்தான் வந்தது, கீழே வரிசையாக நிறுத்திப் பெயரைச் சரிபார்க்கும் வரை. வரிசையில் ஏழு பேர் இருந்தோம்! தீவிரவாதிகளில் ஒருவர் துப்பாக்கியை அலமாரிக்குப் பின்னால் போட்டுவிட்டு எங்களோடு படுத்திருந்தார்.

பிறகு டீ குடிக்கும்போது ஒரு இன்ஸ்பெக்டர் மும்பையைப் பற்றிச் சொன்னார். 2008 நவம்பர் 26 ராத்திரி தாக்குதல் தொடங்கியது, தேசியப் பாதுகாப்புப் படை டெல்லிப் பக்கமிருந்து வந்து சேர மறுநாள் காலையாகிவிட்டது. 2009இல் சென்னை உட்பட நான்கு நகரங்களில் அந்தப் படையை நிறுத்தியது அதனால்தான். “அப்பவும் முதல்ல வந்து நிக்கறது லத்தியோட லோக்கல் கான்ஸ்டபிள்தான்” என்றார்.

பாத்ரூம் ஜன்னலுக்கு மறுவாரமே கொக்கி போட்டார்கள். தாத்தா மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த கொக்கி அது.