முழங்கை மூட்டு நழுவினால்
கோடை விடுமுறை வந்தாலே மரத்திலிருந்தும் சைக்கிளிலிருந்தும் விழுந்த கைகள் வரிசையாக வரும். முழங்கை மூட்டு நழுவிய பிள்ளையோடு வரும் பெற்றோர் கேட்பது ஒன்றுதான்: “எலும்பு உடையலையே டாக்டர்?”

பல நேரம் உடைந்திருக்கும். முழங்கையின் உட்பக்கம் தடவினால் தட்டுப்படுகிற அந்த எலும்புக் குமிழ் பிய்ந்து, நழுவிய மூட்டைத் திரும்ப அதன் இடத்தில் ஏற்றும்போது சில சமயம் மூட்டுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். பார்க்கக் கை சரியானதுபோல இருக்கும். முழுசாக மடக்க நீட்ட வராது. அதனால் ஏற்றிய பிறகும் எக்ஸ்ரே கட்டாயம். அதிலும் ஒரு வம்பு: அந்தக் குமிழ் சுமார் 5 வயதில்தான் படத்தில் தெரியவே ஆரம்பிக்கும். குழப்பமாக இருந்தால் அடுத்த கையையும் எக்ஸ்ரே எடுத்து ஒப்பிடுவோம், பில் ஏற்ற இல்லை!

சுண்டுவிரல் மரத்துப்போகிறதா என்றும் பிள்ளையிடம் கேளுங்கள். அந்த விரலுக்குப் போகிற நரம்பு அந்தக் குமிழுக்குப் பின்னால்தான் ஓடுகிறது. அப்புறம், எண்ணெய் போட்டு உருவுவது வேண்டவே வேண்டாம். தசைக்குள் எலும்பு முளைத்துக் கை விறைத்துப்போகலாம்.