பிசிறிய ஸ்வரம்

ஓபோ என்ற குழல் வாத்தியம் 440 ஹெர்ட்ஸில் ஒரு ஸ்வரம் கொடுத்தது. மொத்த மேடையும் அதோடு சுருதி சேர்ந்துகொண்டது.

பெரிய பெயரில்லாத, உள்ளூர் மேற்கத்திய இசை ஆர்கெஸ்ட்ரா.

இரண்டாம் பகுதியில், சுருள் பித்தளை வாத்தியமான ஹார்ன் தனியாக எழுந்த இடம். ஸ்வரம் பிசிறியது. வாசித்தவருக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. (பொல்லாத வாத்தியம். மூன்றரை மீட்டருக்கு மேல் நீளும் குழாய். உதடு இம்மி பிசகினால் பக்கத்து ஸ்வரம் வந்துவிடும்.)

வீட்டிலுள்ள சிடியில் அந்த இடம் பளிங்கு. பல தடவை வாசித்ததில் நல்லதை மட்டும் வெட்டி ஒட்டியிருப்பார்கள். குறையாகச் சொல்லவில்லை, இந்த இசையே எனக்கு அதன் வழியாகத்தான் அறிமுகம்.

ஆனால் சிடி கேட்கும்போது யாருக்காகவும் நான் பயந்ததில்லை.

அந்த வரி திரும்பி வந்தது. அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டது. சுத்தமாக வந்து விழுந்தது.

கிளாரினெட்காரர் திரும்பாமலே காலைத் தரையில் மெல்லத் தேய்த்தார். அவர்களுக்குள் அதுதான் கைதட்டல்.