கவிழ்த்த கிண்ணி

பிப்ரவரி 9, 2025, செம்பூர்

அம்மா வைத்த ரசத்தில் மறுபடியும் இரண்டு தடவை உப்பு. போன வாரம் செட்டா நகர் முருகன் கோவில் வாசலில் செருப்பை விட்டுவிட்டு வெறுங்காலோடு வந்தாள். வயது 71, சகஜம்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் நேற்றுச் சாயங்காலம் "சீட்டுப் பணம் கட்டிட்டியா?" என்று நான்கு முறை கேட்டாள். நான்காவது தடவையும் முதல் தடவை கேட்பது போலவே கேட்டாள். அதுதான் பயமாக இருந்தது.

பிப்ரவரி 20

ஆஸ்பத்திரி. மோக்கா என்று ஒரு ஞாபகப் பரீட்சை, 30 மதிப்பெண். 26-க்குக் கீழே போனால் மேற்கொண்டு பார்க்க வேண்டும். ஒரு பையன் இந்தியில் மளமளவென்று கேட்டான். அம்மாவின் இந்தி காய்கறிக்காரனிடம் பேரம் பேசுகிற இந்தி. ஞாபகம் வைக்கச் சொன்ன ஐந்து சொற்களில் இரண்டுக்கு அவளுக்கு அர்த்தமே தெரியாது. 17 வாங்கினாள். சீட்டில் டிமென்ஷியா, அதாவது மறதி நோய் என்று போட்டு, டோனெபெசில் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். ரத்தப் பரிசோதனை ஒன்றுகூட இல்லை.

ஆட்டோவில், "பெயிலாயிட்டேனாடி?" என்றாள்.

மாத்திரையை வாங்கவில்லை.

மார்ச் 6

மாட்டுங்காவில் வேறு டாக்டர். வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரையையும் எடுத்து வரச் சொல்லியிருந்தார். மஞ்சள் பையோடு போனோம். பரீட்சை வைத்தது தமிழ் பேசும் சைக்காலஜிஸ்ட். காது நன்றாகக் கேட்கிறதா என்று முதலில் உறுதி செய்துகொண்டார்.

"கடிகாரம் வரைங்கம்மா. மணி பதினொன்று பத்து."

வட்டம் அச்சு மாதிரி விழுந்தது, கோலம் போட்ட கை. எண்களும் சரி. சின்ன முள் 11-க்குப் போனது. பெரிய முள் 2-க்குப் போக வேண்டும், 10-க்குப் போனது. அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ சரியில்லை என்று தெரிகிறது, எது என்று தெரியவில்லை. எனக்கு வயிறு கலங்கிவிட்டது.

ஐந்து சொற்களில் இரண்டு தானாக வந்தன. "அது ஒரு பூ" என்பது போல் குறிப்புக் கொடுத்ததும் இன்னும் இரண்டு. அதற்கு மதிப்பெண் கிடையாது, ஆனாலும் அதுதான் முக்கியம் என்றார் டாக்டர். குறிப்புக்கு வந்தால் சொல் உள்ளே இருக்கிறது, எடுக்கத்தான் சிரமம். குறிப்புக்கும் வராவிட்டால் பதியவே இல்லை. அல்சைமர் என்ற மறதி நோயில் அதிகம் பார்ப்பது அதைத்தான். எட்டாவது வரை படித்தவள் என்பதால் ஒன்று கூட்டி, மொத்தம் 22.

அப்புறம் மஞ்சள் பை. அரிப்புக்கு எப்போதோ பத்து நாளுக்கு எழுதிக்கொடுத்த ஹைட்ராக்சிசினை ஒரு வருஷமாக ராத்திரி ராத்திரி போட்டுக்கொண்டிருக்கிறாள். ஞாபகத்துக்கு மூளைக்கு வேண்டிய அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தின் வேலையை அது தடுக்கும். டோனெபெசில் அதே அசிட்டைல்கோலினைக் கூட்ட வந்த மருந்து. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் இறைத்திருப்போம். வாங்கிக் கொடுத்ததும் நான்தான்.

மார்ச் 14

தைராய்டு சரி. எம்.ஆர்.ஐ.யில் மூளையில் வயதுக்கேற்ற சுருக்கம்தான். வைட்டமின் பி12 மட்டும் 148. 200-க்குக் கீழே என்றாலே குறைவு. சைவம், போதாததற்குப் பத்து வருஷமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின். இரண்டுமே பி12-ஐக் குறைக்கும். ஊசி ஆரம்பம்.

இப்போதைக்கு டிமென்ஷியா இல்லை, எம்.சி.ஐ., அதாவது வயதுக்கு மீறிய லேசான ஞாபகக் குறைவு என்கிறார் டாக்டர். சமையல், வங்கி, மருந்து எல்லாம் தானே பார்த்துக்கொள்கிறவர்களை டிமென்ஷியா என்பதில்லை. டோனெபெசில் இந்தக் கட்டத்தில் நோயைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லையாம். தினம் நடை, சர்க்கரையும் பிரஷரும் கட்டுக்குள், நாலு பேரோடு பேச்சு.

ஏப்ரல் 2

உப்புக்கு ஒரு வழி. காலையிலேயே ரசத்துக்கான உப்பை ஒரு கிண்ணியில் அளந்து வைத்துவிடுகிறேன். போட்டதும் கிண்ணியைக் கவிழ்த்துவிட வேண்டும். "நான் என்ன எல்.கே.ஜி.யா?" என்று இரண்டு நாள் முறைத்தாள்.

செப்டம்பர் 11

மறுபடியும் அதே பரீட்சை. சொற்கள் பழகிப்போயிருக்கக் கூடாதென்று வேறு படிவம். 24. ஒரு சொல் மட்டும் குறிப்புக்கும் வரவில்லை. பி12 ஏறிய பிறகும் இது மிச்சம். டாக்டர் அதைப் பேனாவால் வட்டமிட்டு, ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார்.

செப்டம்பர் 14

ஆபீஸ் போனில் பேசிக்கொண்டே ரசத்துக்கு நானே உப்புப் போட்டுவிட்டேன். வாயில் வைக்க முடியவில்லை.

"கிண்ணி கவுந்திருந்துதே, பாக்கலையா?" என்றாள் அம்மா.