எத்தனை மில்லி என்பதற்கு முன்னால், எந்த பாட்டில்?

மழை தொடங்கியதும் வீட்டுக்கு வீடு காய்ச்சல். பக்கத்து வீட்டு அக்கா நேற்று ராத்திரி குழந்தைக்கான பாராசிட்டமால் (காய்ச்சல் மருந்து) பாட்டிலும் கையுமாக வந்து, "எத்தனை மில்லி ஊத்தட்டும்?" என்று கேட்டார். லேபிளைப் பார்க்காமல் யாரும் இதற்குப் பதில் சொல்லிவிடாதீர்கள், தயவுசெய்து.

பாராசிட்டமால் சிரப்பில் 5 மில்லிக்கு 120 மி.கி. என்றும் வருகிறது, 250 மி.கி. என்றும் வருகிறது. கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தோ 1 மில்லியிலேயே 100 மி.கி. வயதை விட எடைதான் கணக்கு: ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. பத்து கிலோ குழந்தைக்கு அதிகபட்சம் 150 மி.கி. 250 சிரப் என்றால் 3 மில்லி, சொட்டு மருந்து என்றால் ஒன்றரை மில்லி. அதையே சிரப் என்று நினைத்து 5 மில்லி கொடுத்தால் 500 மி.கி. உள்ளே போய்விடும். கல்லீரல் பாவம், பச்சைப்பிள்ளை அது!

சமையலறை ஸ்பூன் வேண்டவே வேண்டாம், கோடு போட்ட சிரிஞ்சில் எடுங்கள். அடுத்த வேளைக்கு 4 மணி நேரமாவது, முடிந்தால் 6 மணி நேரம் இடைவெளி. ஒரு நாளில் 4 முறைக்கு மேல் கூடாது. அம்மா கொடுத்தது தெரியாமல் பாட்டியும் கொடுத்துவிடுவது எல்லா வீட்டிலும் நடக்கிறது. கொடுத்த நேரத்தை காலண்டரில் எழுதுங்கள். சில சளி மருந்துகளிலும் பாராசிட்டமால் இருக்கும், அதையும் படியுங்கள்.

டெங்கு காலத்தில் இபுப்ரோஃபென், மெஃபெனமிக் ஆசிட் என்ற மற்ற காய்ச்சல் மருந்துகளை நீங்களாகக் கொடுக்காதீர்கள், ரத்தக்கசிவு கூடும். குழந்தைகளின் காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் எந்தக் காலத்திலும் வேண்டாம். மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 100.4 டிகிரி தொட்டாலே, மருந்து தேடாமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.