ராத்திரி முழுக்க நுஜாபேஸ்

ஜப்பானிய ஹிப்-ஹாப் இசைத் தயாரிப்பாளர் நுஜாபேஸின், 2005 நவம்பரில் வந்த 'மோடல் சோல்' ஆல்பத்தை நேற்று ராத்திரி ஹெட்ஃபோன் மாட்டி 14 டிராக்கும் கேட்டு முடித்தேன். எத்தனையாவது தடவை என்று கணக்கு இல்லை.

செபா ஜுன் என்ற பெயரை ரோமன் எழுத்தில் பின்னாலிருந்து வாசித்தால் நுஜாபேஸ். டோக்கியோ ஷிபுயாவில் ரெக்கார்டு கடை வைத்திருந்த மனுஷன். பழைய ஜாஸ் தட்டுகளிலிருந்து நாலு நொடி பியானோவை எடுத்து, அதைச் சுற்றவிட்டு, அடியில் டிரம்ஸ் போடுவார். அந்த நாலு நொடி அலுக்கவே அலுக்காது!

விருந்தாளிகளை அவர் உட்கார வைத்த விதம்தான் எனக்கு உயிர். முதல் பாட்டிலேயே சிஸ் ஸ்டாரும் அகினும் ராப். அடுத்ததில் சிகாகோ பாடகர் டெரி காலியர் வருகிறார். 1972-ல் தன் ஆல்பத்தில் பாடிய அதே பாட்டு, இங்கே நுஜாபேஸின் தாளத்தில். அந்தக் குரல் நுழையும் இடத்தில் எனக்கு இன்னமும் தொண்டை அடைக்கும். ஆல்பத்தின் பெயரையே கொண்ட டிராக்கில் இசைக் கலைஞர் உயாமா ஹிரோட்டோ. பாட்டு வரிகளே இல்லை, வெறும் இசை.

ராப் பாடகர் ஷிங்கோ டூவுடன் சேர்ந்து செய்த தொடர்ப் பாட்டின் மூன்றாம் பாகமும் இதில்தான். 2010 பிப்ரவரியில் டோக்கியோ சாலை விபத்தில் நுஜாபேஸ் போய்விட்டார். வயசு 36. நண்பர்கள் அந்தத் தொடரைக் கைவிடவில்லை. ஆறாம் பாகம் 2013-ல் வந்தது.

கேட்காதவர்கள் நாலாவது டிராக்கிலிருந்து தொடங்குங்கள். ராத்திரியில், விளக்கை அணைத்துவிட்டு.