இரண்டாவது முறை ஊதியவர்கள்

"நடக்க விட்டால்தானே சார் நடக்கும்?" என்று என் உதவியாளன் கேட்டபோது நான் பதில் சொல்லவில்லை. மறுநாள் காலைக்குள் மிக்ஸிங் முடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. வாய் திறக்காததற்கு அந்த அவசரம்தான் காரணம் என்று கொஞ்ச காலம் நம்பிக்கொண்டிருந்தேன். இப்போது அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டுவிட்டது.

இத்தனைக்கும் அவன் என்னை மடக்கியது நானே சொல்லிக்கொடுத்த கதையை வைத்துத்தான். ஸ்டுடியோவுக்குப் புதிதாக வரும் பையன்களுக்கெல்லாம், இரவு வேலைக்கு நடுவே தேநீர் வரும் நேரத்தில், பெர்ஸி ஸ்லெட்ஜ் பாடிய 'வென் எ மேன் லவ்ஸ் எ வுமன்' பாட்டின் கதையைச் சொல்வது என் வழக்கம். சொல்லச் சொல்ல எனக்கே அதில் ஒரு நடிப்பு வந்துவிட்டது. எந்த இடத்தில் நிறுத்தினால் சிரிப்பார்கள் என்பதுகூடத் தெரியும்.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஷெஃபீல்ட் என்று ஒரு சிற்றூர். டென்னஸி ஆற்றங்கரையில் மஸில் ஷோல்ஸ் வட்டாரத்து ஊர்களில் ஒன்று. அங்கே மருத்துவமனையில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் கடைநிலை ஊழியர் ஸ்லெட்ஜ். ஓய்வு நாட்களில் 'எஸ்குயர்ஸ்' என்ற உள்ளூர் இசைக்குழுவோடு பாடுவார். ரேடியோ அறிவிப்பாளராகவும் இசைத்தட்டுக் கடைக்காரராகவும் இருந்த குவின் ஐவி அதே ஊரில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ போட்டிருந்தார். 1966-இன் தொடக்கத்தில் ஐவியும் மார்லின் கிரீனும் தயாரிக்க, பாட்டு அங்கே பதிவானது. கிதாரும் கிரீன்தான். ஆர்கன் ஸ்பூனர் ஓல்டம், டிரம்ஸ் ரோஜர் ஹாக்கின்ஸ். பாடியவர் கறுப்பர், பின்னால் வாசித்த இவர்கள் வெள்ளையர்கள். மாநிலத்தின் ஆளுநராக இருந்ததோ நிறப்பிரிவினையைக் கட்டிக்காப்பதாகச் சபதம் போட்ட ஜார்ஜ் வாலஸ். இதைச் சொல்லும்போது பையன்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள். கதைக்கு அது தேவையில்லைதான், ஆனாலும் சொல்வேன்.

பாட்டில் பெரிய ஜோடனை ஒன்றும் கிடையாது. ஆர்கன் சுருதியைப் பிடித்து நிற்கிறது. பாஸ் கிதார் படிப்படியாகக் கீழே இறங்குகிறது. தனியாகப் பல்லவி என்று எதுவும் திரும்பி வருவதில்லை. அதற்கு மேல் ஸ்லெட்ஜின் குரல், எடுத்த எடுப்பிலேயே உச்சத்தில். வழக்கமாகப் பாட்டை மெல்லக் கட்டி மேலே கொண்டுபோவார்கள். இவர் மேலேயே தொடங்கிவிட்டு, இறங்க வழி தெரியாதவர்போல் அங்கேயே நின்று மன்றாடுகிறார். முடிவை நெருங்கும்போது ஹார்ன்கள், அதாவது டிரம்பெட் போன்ற ஊதுகருவிகள், சேர்ந்துகொள்கின்றன.

அந்த ஹார்ன்களில்தான் வில்லங்கம். அருகிலேயே 'ஃபேம்' ஸ்டுடியோ நடத்திவந்த ரிக் ஹால் பாட்டைப் பற்றி நியூயார்க்கில் அட்லாண்டிக் இசைத்தட்டு நிறுவனத்தின் ஜெர்ரி வெக்ஸ்லருக்குச் சொல்ல, டேப் அவருக்குப் போனது. வெக்ஸ்லர் லேசுப்பட்ட ஆள் இல்லை. கறுப்பர்களின் இசைக்கு 'ரிதம் அண்ட் ப்ளூஸ்' என்ற பெயரைப் பத்திரிகை வேலையில் இருந்தபோது புழக்கத்துக்குக் கொண்டுவந்தவரே அவர்தான். பாட்டு பிடித்தது. ஆனால் ஹார்ன்கள் ஸ்ருதி சேரவில்லை, மறுபடி வாசித்து அனுப்புங்கள் என்றார். இங்கிருந்து நடந்தது மஸில் ஷோல்ஸ் இசைக்கலைஞர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை: வேறு ஹார்ன் கலைஞர்களை அழைத்து ஒழுங்காக ஊத வைத்துப் புதிய டேப்பை அனுப்பினார்கள், நியூயார்க்கில் இரண்டு டேப்பும் மாறிப்போய், பழையதே இசைத்தட்டாக வெளிவந்துவிட்டது. ஸ்ருதி சேராத ஹார்ன்களோடு வந்த அந்தத் தட்டு 1966 மே மாதம் அமெரிக்க பில்போர்டு பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. ஏராளமாக விற்ற பாட்டுக்குக் கொடுக்கும் தங்கத்தட்டு அட்லாண்டிக்குக்கு முதலில் கிடைத்தது அதற்குத்தான் என்பார்கள். இருபது வருடம் கழித்து ஒரு ஜீன்ஸ் விளம்பரத்தில் ஒலித்து, 1987-இல் பிரிட்டனில் இரண்டாம் இடம்வரை மறுபடி ஏறியது.

இங்கே நிறுத்துவேன். பையன்கள் சிரிப்பார்கள். தேநீர் தீர்ந்திருக்கும்.

எங்கள் பாட்டுக்கு வருகிறேன். சின்ன பட்ஜெட் படம். சரணம் முடிந்து வரும் இடையிசையில் இரண்டு டிரம்பெட். ஒன்றை வாசித்தவர் மூத்தவர், கல்யாண பேண்டில் தொடங்கி சினிமாவுக்கு வந்தவர். ரெக்கார்டிங் அறையில் ஏசி கடுமையாக இருந்தது. பித்தளை குளிர்ந்தால் ஸ்ருதி இறங்கும், ஊத ஊதச் சூடேறித்தான் மேலே வரும். சூடேறும்வரை காத்திருக்க அன்று யாருக்கும் பொறுமையில்லை. இசையமைப்பாளருக்கு அடுத்த ஸ்டுடியோவில் வேலை. "நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். பார்த்தேன். அரைச்சுரத்தை நூறு பங்காக்கினால் ஏறக்குறைய இருபது பங்கு கீழே நின்றது அவருடைய டிரம்பெட். பக்கத்து டிரம்பெட் சரியான இடத்தில் இருந்ததால் இரண்டுக்கும் நடுவே ஒரு அலைவு கேட்டது. பின்னால் கீபோர்டு அசையாமல் நிற்கும்போது அது இன்னும் துல்லியமாகத் தெரியும். ஷெஃபீல்டிலும் ஆர்கன் பக்கத்தில் இருந்ததால்தானே ஹார்ன்கள் மாட்டிக்கொண்டன?

ஸ்ருதி திருத்தும் மென்பொருளைத் திறந்தேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

"சார், இதை அப்படியே விடலாமே."

"ஸ்ருதி விலகியிருக்கிறது."

"தெரியும் சார். அலபாமாப் பாட்டிலும் விலகித்தானே இருக்கிறது? நீங்கள்தானே சொன்னீர்கள்?"

"அது அவர்களுக்குத் தெரியாமல் நடந்தது. நமக்கெல்லாம் அப்படி நடக்காது."

"நடக்க விட்டால்தானே சார் நடக்கும்?"

திருத்தினேன். அதிக நேரம் பிடிக்கவில்லை. அலைவு போய்விட்டது. இரண்டு டிரம்பெட் ஒன்றுபோல் ஒலித்தன. ஒன்றுபோல் என்றால், ஒருவரே இரண்டு முறை வாசித்ததுபோல். அவன் அதற்குமேல் எதுவும் பேசாமல் கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்தான். பாட்டு போனது, பணம் வந்தது, படமும் வந்து போனது. யாரும் எதையும் கவனிக்கவில்லை. கவனிக்காமல் இருப்பதுதான் என் வேலைக்குக் கிடைக்கும் பாராட்டு.

ஆக, நான் செய்ததில் தவறென்று எதுவும் இல்லை. ஸ்ருதி சேர்க்க வேண்டியது என் பொறுப்பு, சேர்த்தேன். தப்பிப் பிழைத்த ஒரு பாட்டைக் காட்டி, திருத்தாமல் விடுவதே கலை என்று பேசுவது எனக்கு உவப்பில்லை. ஸ்ருதி சேராமல் வெளிவந்து அந்த வாரமே மறக்கப்பட்ட தட்டுகள் எத்தனை? அவற்றைப் பற்றி யாரும் தேநீர் நேரத்தில் கதை சொல்வதில்லை. வெக்ஸ்லரின் காதும் சரியாகத்தான் இருந்தது. பாட்டு முதலிடத்துக்குப் போய்விட்டதால் ஹார்ன்கள் ஸ்ருதிக்குள் வந்துவிடவில்லை. இன்றைக்குப் போட்டுக் கேட்டாலும் விலகல் விலகல்தான்.

இதையெல்லாம் அவனிடம் அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் அவன் என்ன கேட்பான் என்றும் தெரியும்: பிறகு எதற்கு சார் அந்தக் கதையை அவ்வளவு ரசித்துச் சொல்கிறீர்கள்?

அதற்குத்தான் என்னிடம் சரக்கில்லை. ஏன் சொல்கிறேன்? கேட்பவர்கள் என்னை இறுக்கமில்லாத ஆள் என்று நினைக்க வேண்டும் என்பதற்காக இருக்கலாம். அல்லது நாள் முழுக்க ஸ்ருதி சேர்ப்பவனுக்கு, ஸ்ருதி சேராமலேயே ஒன்று ஜெயித்தது என்று கேட்பதில் ஒரு நிம்மதி இருக்கலாம். இரண்டும் பாதிதான் பொருந்துகின்றன.

அந்த மூத்த டிரம்பெட்காரரைப் பிறகு வேறொரு ரெக்கார்டிங்கில் பார்த்தேன். பாட்டைக் கேட்டாராம். "நன்றாக வந்திருக்கிறது சார், சுத்தமாக இருக்கிறது" என்றார். உதவியாளன் பக்கத்திலேயே நின்றான். கேட்டாயா என்பதுபோல் அவனைப் பார்த்தேன். அந்தப் பார்வையின் ருசி வீட்டுக்குப் போகும்வரைகூட நிற்கவில்லை. அடுத்த வேலைக்குத் தன்னைக் கூப்பிடக்கூடிய ஆளிடம் அவர் வேறு என்ன சொல்லியிருப்பார்? உண்மையாகவே பிடித்திருக்கவும் கூடும். தன் ஸ்ருதி இறங்கியிருந்தது அவருக்கும் அன்றே தெரிந்திருக்கும். நாற்பது வருடம் ஊதியவரின் காது அது. வெளியே தெரியாமல் காப்பாற்றினார் என்று என்னை நினைத்திருக்கலாம். காப்பாற்றினேனா, அவர் வாசித்ததை அழித்தேனா என்று நான் போட்டுக்கொள்ளும் வழக்கில் அவரை யாரும் சாட்சியாகக்கூட அழைக்கவில்லை. வேண்டுமானால் இன்னொரு டேக் எடுத்திருக்கலாம்; அறை சூடாகக் கால் மணி நேரம் ஏசியை அணைத்திருக்கலாம். வெக்ஸ்லர் கேட்டதும் அதைத்தான்: மறுபடி வாசியுங்கள். 1966-இல் திருத்தம் என்றால் மனிதர்களைக் கூப்பிட வேண்டும். எனக்கு யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை.

அவனுக்குச் சொல்லாமல் விட்ட இன்னொரு பாதியும் அந்தக் கதையில் உண்டு. அந்தப் பாட்டை எழுதியவர்களாகத் தட்டில் இருக்கும் பெயர்கள் இரண்டு: கால்வின் லூயிஸ், ஆண்ட்ரூ ரைட். எஸ்குயர்ஸ் குழுவில் பாஸும் ஆர்கனும் வாசித்தவர்கள். மெட்டு தன்னுடையது, பல காலமாகத் தன் வாயில் ஓடிக்கொண்டிருந்தது என்று ஸ்லெட்ஜ் பின்னாளில் சொன்னார். அவர்கள் இருவரும் உடன் நின்று உதவியதால் பெயரை அவர்களுக்கே கொடுத்துவிட்டாராம். பாட்டு அந்தப் போக்குப் போகும் என்று அன்று யார் கண்டார்கள்? தன் வாழ்க்கையில் எடுத்த மோசமான முடிவு அதுதான் என்றும், ஆனால் மனக்கசப்பு இல்லை என்றும், மறுபடி அப்படி ஒரு நிலை வந்தால் பிள்ளைகளை நினைத்து அதைச் செய்திருக்க மாட்டேன் என்றும் பேசியிருக்கிறார். 1991-இல் மைக்கேல் போல்டன் அதே பாட்டைப் பாடி மறுபடி முதலிடத்துக்குக் கொண்டுபோனார். எழுதியவருக்கான பங்கு எழுதியவர்களாகப் பெயர் உள்ளவர்களுக்குத்தான் போகும். ஸ்லெட்ஜுக்கு மேடை இருந்தது. 2015-இல் இறக்கும்வரை அந்த ஒரு பாட்டை உலகமெங்கும் பாடினார்.

டேப் மாறிப்போனதைச் சொல்லிச் சிரிக்கும் நான், பெயர் மாறிப்போனதைச் சொல்வதில்லை. இரண்டும் ஒரே பாட்டில் நடந்தவை. நடந்ததை நடக்க விடு என்று ஒன்றுக்குச் சொன்னால் மற்றதற்கும் சொல்ல வேண்டும். ஒன்றில் யாருக்கும் நஷ்டமில்லை, மற்றதில் ஒரு குடும்பத்துக்கே நஷ்டம் என்று வேறுபடுத்தலாம் என்று நினைத்தேன். அதுவும் நிற்கவில்லை. முதல் கதையிலும் ஒரு கூட்டத்துக்கு நஷ்டம் இருக்கிறது, நான்தான் அவர்களைக் கணக்கில் எடுக்கவில்லை.

இரண்டாவது முறை வந்து ஊதியவர்கள். இத்தனை வருடம் இந்தக் கதையைச் சொல்லியும் அவர்களைப் பற்றி யோசித்ததே இல்லை. கூப்பிட்டதும் வந்தார்கள், கேட்டபடி ஸ்ருதி சுத்தமாக ஊதினார்கள், கூலி வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள். பிறகு ரேடியோவில் பாட்டு வந்தபோது, இது நாம் ஊதியதுதானா என்று காதைத் தீட்டியிருப்பார்கள். வேலையை ஒழுங்காகச் செய்ததைத் தவிர அவர்கள்மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. கதையில் எல்லோருக்கும் இடம் இருக்கிறது: வெக்ஸ்லருக்கு, ஐவிக்கு, தடுமாறிய முதல் ஹார்ன்காரர்களுக்கு, டேப்பை மாற்றி எடுத்த யாரோ ஒரு குமாஸ்தாவுக்குக்கூட. அவர்களுக்கு மட்டும் இல்லை. என் தொழிலின் மூதாதையர் யாரென்று கேட்டால் நான் அவர்களைத்தான் காட்ட வேண்டும். அதனால் அவர்கள் பக்கம் நின்று பேசுகிறேனோ என்னவோ.

போன வாரம் இதை உதவியாளனிடம் பேச்சோடு பேச்சாகச் சொன்னேன். அன்று நியூயார்க்கில் அந்த மேஜையில் நான் இருந்திருந்தால் சரியான டேப்பைத்தான் அனுப்பியிருப்பேன். அப்போதும் பாட்டு முதலிடத்துக்குப் போயிருக்கும். மறுபடி பதிந்தது ஹார்ன்களை மட்டும்தானே? ஸ்லெட்ஜின் குரல் இரண்டு டேப்பிலும் ஒன்றுதான். ஜெயித்தது அந்தக் குரல். ஆகவே விலகலைக் கொண்டாட எந்தக் காரணமும் கிடையாது என்று முடித்தேன். வாதம் இறுக்கமாக வந்துவிட்ட திருப்தி எனக்கு.

அவன் ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கிவிட்டுக் கேட்டான்: "அப்படியானால் அவர்களை இரண்டாவது முறை ஊதச் சொன்னதே வீண் வேலைதானே சார்?"